சேறு இல்லாமல் அயிரை வளருமா?



இந்தத் தடவை நம் பக்கம் முழுவதையும் ஒரே கடிதம் பிடித்துக்கொண்டுவிட்டது. படித்துப் பாருங்கள், ஏனென்று உங்களுக்கே புரியும்.

"அக்கா, எனக்குப் பிறந்த ஊர் மதுரைப் பக்கம். கல்யாணமாகி ஏழு வருஷமா கும்மிடிப்பூண்டியில இருக்கோம். வீட்டுக்காரருக்குப் பழைய பேட்டரியிலேர்ந்து ஈயம் எடுக்குற இடத்துல ஒப்பந்த வேலை. பெரியவனுக்கு அஞ்சு வயசு, சின்னவளுக்கு ஒன்பது மாசம். வீட்டுக்குப் பின்னால காலி மனையில ஒரு குட்டை இருக்கு, மழை பெஞ்சா நிரம்பிடும். எங்க ஊர்க்காரங்க இங்க நிறைய பேர் வேலைக்கு வந்திருக்காங்க. அயிரைன்னா உயிரை விடுவாங்க. மகளிர் குழுவுல 50,000 ரூபாய் கடன் தர்றேங்கிறாங்க. அந்தக் குட்டையில அயிரை விட்டு வளர்க்கலாமா? குட்டைச் சேறு நாறுதே, சிமெண்ட் தொட்டியில வளர்க்கலாமான்னு கேட்டா, 'சேறு இல்லாம அயிரை ஏதுடி?'ன்னு மாமியார் சிரிக்கிறாங்க. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

தங்கச்சி, முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேறு இல்லாமல் அயிரை வளரும். அந்தக் குட்டையில் மட்டும் வளர்க்க வேண்டாம். கடனை இப்போது வாங்க வேண்டாம். மூன்றுக்கும் காரணம் இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். இது உங்களுக்கு மட்டுமல்ல, மீஞ்சூர், பொன்னேரி, காக்களூர், அம்பத்தூர் என்று தொழிற்சாலைகளோடு குடியிருக்கும் எல்லாச் சகோதரிகளுக்கும் உதவும்.

மாமியார் சொன்னதில் பாதி சரி

அயிரை நம் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் சொந்தக்கார மீன். விரல் நீளம்கூட வராது. இரண்டு மூன்று அங்குலம்தான். குறுந்தொகையிலேயே பரணர் பாட்டு ஒன்றில், தொண்டித் துறை அயிரைக்காக ஏங்கும் கிழட்டு நாரை ஒன்று வருகிறது. நாரைக்கே அப்படி என்றால் மதுரைக்காரர்களைச் சொல்ல வேண்டுமா? இதன் விஞ்ஞானப் பெயரில் 'தெர்மாலிஸ்' என்ற சொல் வருகிறது. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீர் ஊற்று இருக்கிறதல்லவா, அங்கே கிடைத்த மீனை வைத்து 1846ல் பிரெஞ்சு விஞ்ஞானி வாலன்சியன் வைத்த பெயர் அது.

கண்மாய், ஏரி, வயல் வாய்க்கால் என்று மணலும் சேறும் உள்ள தரையில்தான் அயிரை இருக்கும். ஆபத்து என்றால் ஒரு நொடியில் புதைந்துகொள்ளும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சேறும் அயிரையும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் சேறு அயிரைக்கு என்ன செய்கிறது என்று யோசிக்க வேண்டும். நான்கு உபகாரம் செய்கிறது. ஒன்று, ஒளிந்துகொள்ள இடம் தருகிறது. இரண்டு, புழு, பூச்சி, பாசி என்று தீனி தருகிறது. மூன்று, வெயில் நேரத்தில் குளிர்ச்சி தருகிறது. நான்கு, மீனின் கழிவைச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று செரித்துவிடுகின்றன. இந்த நான்கையும் நாம் வேறு விதமாகக் கொடுத்துவிட்டால் சேறு தேவையில்லை. மறைவிடம் போடலாம், தீனி வைக்கலாம், நிழல் கட்டலாம், தண்ணீரை மாற்றலாம். அவ்வளவுதான் சங்கதி.

ஜப்பானில் இதைச் செய்தே காட்டியிருக்கிறார்கள். அங்கே 'தோஜோ' என்று அயிரைக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி ஒரு மீன் உண்டு, நம் அயிரையைவிடப் பெரியது. தோக்கியோவில் 1801ல் ஆரம்பித்த ஒரு கடையில் இன்றைக்கும் தோஜோ சமையல்தான் விசேஷம். நாம் அயிரையைப் பாலில் விடுகிறோமே, அவர்கள் உயிரோடிருக்கும் தோஜோவை அரிசி மதுவில் விடுகிறார்கள்! பூச்சிமருந்தும் சிமெண்ட் வாய்க்காலும் வந்த பிறகு அவர்கள் வயல்களில் இந்த மீன் குறைந்துபோயிற்று. அப்புறம் தெற்கே ஓய்ட்டா மாநிலத்தில் உசா என்ற ஊர்ப் பக்கம், சேறே போடாத தொட்டிகளில் தோஜோ வளர்க்க ஆரம்பித்தார்கள். சேற்று வாடை இல்லாத மீன் என்பதுதான் அவர்கள் வியாபாரப் பேச்சே.

குட்டை ஏன் வேண்டாம்?

அயிரையை நாம் எப்படிச் சாப்பிடுகிறோம்? வெட்டுவதில்லை, குடல் எடுப்பதில்லை. தலை, முள், வயிறு எல்லாவற்றோடும் முழுசாகத்தான் குழம்பில் போடுகிறோம். அதுதான் அதன் ருசி, அதுதான் அதன் சத்தும். முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். சின்ன மீனை முழுசாகச் சாப்பிடுவதன் அருமையை உலகமே இப்போது ஒத்துக்கொள்கிறது. வங்காள தேசத்தில் வீட்டுக் குளங்களில் பெரிய கெண்டைகளோடு 'மோலா' என்ற பொடி மீனையும் சேர்த்து வளர்க்கச் சொல்லிப் பாடுபட்டவர் சகுந்தலா தில்ஸ்டெட் என்ற அம்மையார். தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வைட்டமின் ஏ முதலான சத்துக்கள் அந்தப் பொடி மீனிலிருந்து கிடைக்கும் என்று காட்டினார். 2021ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

ஆனால் அதே காரணத்தால்தான் ஒரு ஆபத்தும். முழுசாகச் சாப்பிடும் மீனின் வயிற்றில் என்ன சேறு இருக்கிறதோ அதுவும் நம் வயிற்றுக்குத்தான் வரும்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலை, ரசாயன ஆலை, பேட்டரி ஈயம் எடுக்கும் பட்டறை என்று எத்தனையோ இருக்கின்றன. எல்லாரும் சட்டப்படி நடக்கிறார்களா இல்லையா என்ற பேச்சை இங்கே எடுக்கவில்லை. ஒரு பொதுவான உண்மையை மட்டும் சொல்கிறேன். மழை வெள்ளம் சாலைப் புழுதி, கூரைப் புழுதி, கழிவு எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்து பள்ளத்தில்தான் சேர்க்கும். உங்கள் குட்டை ஒரு பள்ளம். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் தண்ணீரோடு ஆவியாகிப் போகாது. மக்கி மறையவும் மறையாது. அடிச் சேற்றில்தான் படியும். அயிரை அந்தச் சேற்றைத்தான் துழாவித் தின்னும்.

"பாலில் விட்டால் கக்கிவிடுமே, அக்கா" என்பீர்கள். பாலில் விட்டால் வயிற்றிலுள்ள சேறு போகும். சதையிலும் முள்ளிலும் ஊறிப்போன ஈயம் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது, புளி ஊற்றினாலும் போகாது. கிருமி வேறு, உலோகம் வேறு. கிருமி சூட்டில் சாகும். உலோகத்துக்குச் சாவு கிடையாது.

ஈயத்தில் 'இந்த அளவு பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே இரத்தத்தில் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரியவர்கள் வயிற்றில் போனதைவிடக் குழந்தைகள் வயிற்றில் போகும் ஈயம் நாலைந்து மடங்கு அதிகமாக உடம்பில் சேரும். படிப்பு, ஞாபகம், புத்தி வளர்ச்சி எல்லாவற்றையும் கெடுக்கும். பெண்களுக்கு இன்னொன்று. ஈயம் எலும்பில் போய்த் தங்கிவிடும். வருஷக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, பிள்ளை உண்டாகும் சமயத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரையும்போது கூடவே இரத்தத்துக்கு வரும்.

இது பயமுறுத்துவதற்காகச் சொல்வதல்ல. ஜப்பானில் தோயாமா மாநிலத்தில் ஜின்சு என்ற ஆறு. மேலே ஒரு சுரங்கத்திலிருந்து காட்மியம் அந்த ஆற்றில் கலந்தது. ஆற்றுத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது, அரிசியில் ஏறியது. 'இத்தாய் இத்தாய்' என்று அந்த நோய்க்குப் பெயர். 'வலிக்குதே, வலிக்குதே' என்று அர்த்தம். இருமினால் எலும்பு முறியும். அதில் மாட்டியவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? நான்கைந்து பிள்ளை பெற்ற நடுத்தர வயதுப் பெண்கள். 1968ல்தான் அரசாங்கம் அது காட்மியத்தால் வந்த நோய் என்று ஒத்துக்கொண்டது. அத்தனை வருஷம் அந்தத் தாய்மார்கள் வலி தாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே சகோதரி, உங்கள் குட்டை நல்ல குட்டையாகவே இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காமல் அதில் வளர்ந்த மீனை ஒன்பது மாதக் குழந்தை உள்ள வீட்டுக்குள் கொண்டுவரவும் கூடாது, காசுக்கு வாங்கும் ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கவும் கூடாது.

முதல் செலவு தண்ணீருக்கு

தொட்டி கட்டுவதற்கு முன்னால் தண்ணீரைச் சோதியுங்கள். சேற்றை ஒதுக்கிவிட்டு, கெட்ட தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் என்ன பிரயோஜனம்?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் தண்ணீர் சோதனைச்சாலை உண்டு. சுத்தமான பாட்டிலில் போர்த் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்க் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஒன்றை மறக்காதீர்கள். சாதாரணச் சோதனையில் உப்பு, கடினத்தன்மை, பி.எச்., கிருமி இவைதான் பார்ப்பார்கள். "ஈயம், காட்மியம் பார்க்க வேண்டும், இங்கே பார்ப்பீர்களா, இல்லை வேறு எங்கே அனுப்ப வேண்டும்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் பார்க்க மாட்டார்கள்.

இந்தியக் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் ஈயம் 0.01 மில்லிகிராம், காட்மியம் 0.003 மில்லிகிராம், இதற்கு மேல் இருக்கக் கூடாது. கரைந்த உப்புக்கள் 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அங்கே இருக்கும் சகோதரிகள் உப்பை முக்கியமாகப் பாருங்கள். அயிரை நல்ல தண்ணீர் மீன்.

மாடி மழைநீரைப் பிடிக்கலாமா என்று கேட்பீர்கள். பிடிக்கலாம். 2003லிருந்து நம் மாநிலத்தில் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாயிற்றே. ஆனால் ஆலைப் பக்கத்து மாடியில் புழுதி படிந்திருக்கும். பருவத்தின் முதல் இரண்டு மூன்று மழையைக் கழித்துவிட்டு, மாடியைக் கழுவிவிட்டு, அப்புறம் பிடியுங்கள். அந்தத் தண்ணீரையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

தொட்டி

தண்ணீர் தேறியதா? அப்படியானால் தொட்டிக்கு வாருங்கள். 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் போதும். தண்ணீர் ஒன்றரை அடிக்கு மேல் வேண்டாம். சுமார் 2,500 லிட்டர் பிடிக்கும்.

புதுச் சிமெண்டில் உடனே மீன் விடக் கூடாது. சுண்ணாம்பு கக்கும், மீன் செத்துப்போகும். தண்ணீர் நிரப்பி நாலைந்து நாள் வைத்துக் கொட்டி, மறுபடி நிரப்பி, இப்படி இரண்டு மூன்று வாரம் செய்யுங்கள். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவிடுவது மீன் வளர்ப்பவர்கள் வழக்கம். பி.எச். ஏழுக்கும் எட்டரைக்கும் நடுவில் நின்ற பிறகுதான் மீன். குழாயில் வரும் குளோரின் தண்ணீரானால் ஒருநாள் வெயிலில் வைத்த பிறகு விடுங்கள்.

சேற்றுக்குப் பதிலாக மறைவிடம் போடுங்கள். பிளாஸ்டிக் குழாயை அரை அடித் துண்டுகளாக நறுக்கி அடியில் பரப்பலாம். ஓட்டுத் துண்டு, கழுவிக் காயவைத்த தேங்காய் நார்க் கொத்து, பழைய நைலான் வலை மடிப்பு, எல்லாம் ஆகும். சாயம் பூசிய பொருள் எதுவும் வேண்டாம். அந்தக் குட்டையிலிருந்து ஆகாயத்தாமரையை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். வேரிலே உலோகத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் செடி அது.

தொட்டியில் பாதிக்கு மேல் நிழல் இருக்கட்டும். தென்னங்கீற்றுப் பந்தல் போதும். தொட்டி முழுவதற்கும் சட்டம் அடித்து வலை போட்டு மூடுங்கள். மூன்று காரணம். கொக்கும் மீன்கொத்தியும் தண்ணீர்ப் பாம்பும் வரும். அயிரை மழை ராத்திரியில் மூலை வழியாக ஏறியும், வடிகுழாய் வழியாக நழுவியும் ஓடிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், தவழும் குழந்தை உள்ள வீடு அது. ஒன்றரை அடித் தண்ணீர் என்று அசட்டையாக இருக்காதீர்கள். குழந்தை சாய்ந்தாலும் இறங்காத உறுதியான கம்பி வலையாகப் போட்டுப் பூட்டு வைத்துவிடுங்கள். கம்பி வலைக்கு மேல் கொசு வலையும் போட்டால் டெங்குக் கொசு முட்டையிடாது.

மீனும் தீனியும்

குஞ்சுக்கு எங்கே போவது? குட்டையிலும் வாய்க்காலிலும் பிடித்துக்கொண்டு வந்து விட வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அங்கே போய்க் கேளுங்கள், குழுவாக நாலு பேர் சேர்ந்து போங்கள். அயிரைக்கு ஹார்மோன் ஊசி போட்டுத் தொட்டியிலேயே முட்டையிட வைக்கும் முறையை மீன் விஞ்ஞானிகள் செய்து பார்த்திருக்கிறார்கள். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. வடகிழக்குப் பருவமழையில்தான் இயற்கையாக அயிரை முட்டையிடும். அதனால் ஐப்பசி, கார்த்திகைக்கு அப்புறம் விசாரித்தால் குஞ்சு கிடைக்க வழியுண்டு.

வெளிநாட்டு மீன் என்று யாராவது ஆசை காட்டினால் ஏமாறாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். நம் ஊர் மீன்களைத் தின்று தீர்க்கிறது என்று 2000ல் தடை செய்ய வேண்டியதாயிற்று.

தீனிக்குக் கடலைப் பிண்ணாக்கும் அரிசித் தவிடும் சம எடை. பிண்ணாக்கை ஊறவைத்துத் தவிட்டோடு பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாகத் தட்டில் வைத்து இறக்குங்கள். பூசணம் பிடித்த பிண்ணாக்கு ஆகாது. அயிரை இரவுக்காரி, அதனால் சாயங்காலம் வைப்பதுதான் நல்லது. மொத்த மீன் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு போதும். காலையில் தட்டைத் தூக்கிப் பாருங்கள். மிச்சம் இருந்தால் அன்றைக்குக் குறையுங்கள்.

சேறு இல்லாத தொட்டியில் கழிவைத் தின்ன ஆள் இல்லை, நாம்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஒன்றுவிட்டு ஒருநாள் அடிக்கழிவை ஒரு குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கொட்டும் தண்ணீர் வாழைக்கும் முருங்கைக்கும் நல்ல உரம். காற்று விடும் மோட்டார் வைத்தால் கசிவு மின்சாரம் வந்தால் தானே அணையும் சுவிட்சு வைத்துத்தான் வைக்க வேண்டும். ஈரக் கையோடு தொடக் கூடாது.

ஒரு வேடிக்கை தெரியுமா? அயிரை இனத்து மீன்கள் செவுளால் மட்டுமல்ல, குடலாலும் மூச்சு விடும். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். எப்போதோ ஒன்றிரண்டு வந்துபோனால் சாதாரணம். எல்லாம் சேர்ந்து அடிக்கடி மேலே வந்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குத் தீனி போடாமல் தண்ணீரை மாற்றுங்கள்.

இப்போது காசுக் கணக்கு

கிராக்கி உள்ள நாளில் மதுரைச் சந்தையில் அயிரை கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும், உண்மைதான். அதைக் கேட்டுத்தான் எல்லாருக்கும் ஆசை வருகிறது. ஆனால் ஒரு கிலோவுக்கு எத்தனை அயிரை என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா?

ஒரு மீன் 2 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு 500 மீன். பழகாத கைக்கு முதல் தடவை ஒரு தொட்டியில் 500 குஞ்சுக்கு மேல் விட வேண்டாம் என்பேன். அத்தனையும் பிழைத்து வளர்ந்தால்கூட ஒரு கிலோ. பாதி பிழைத்தால் அரைக் கிலோ. இதற்கு 50,000 ரூபாய் கடன் வாங்கினால் வட்டியை யார் கட்டுவது? 'அயிரை விட்டு வரால் பிடி' என்பது பழமொழி. நீங்கள் வராலை விட்டு அயிரை பிடித்த கதையாக ஆகிவிடக் கூடாது அல்லவா?

அதனால் இப்படிச் செய்யுங்கள். முதல் வருஷம் பள்ளிக்கூடம் மாதிரி. ஒரு தொட்டி, கையிலிருக்கும் காசு, வீட்டுக்கு மட்டும். கைப்பழக்கம் வந்து, பத்துக்கு எட்டு பிழைக்கிறது என்ற நிலை வந்த பிறகு குழுவில் நாலு பேர் சேர்ந்து தொட்டிகளைக் கூட்டுங்கள். கிலோவாக விற்பதைவிட எண்ணிக்கையாக விற்பதில் லாபம் உண்டா என்றும் பாருங்கள். சென்னை கொளத்தூர் வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர் போன இடம், உங்களுக்கு ரயிலில் போய் வரும் தூரம். கண்ணாடித் தொட்டியின் அடியைச் சுத்தம் செய்யும் மீன் என்று அயிரை இனத்தை வாங்குபவர்கள் உண்டு. முதலில் நேரில் போய்ப் பேசி, எவ்வளவுக்கு எடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்.

அரசாங்க உதவியையும் கேளுங்கள். 2020ல் ஆரம்பித்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்குத் திட்டச் செலவில் 60 சதவீதம் வரை மானியம் என்று வைத்தார்கள், பொதுப் பிரிவினருக்கு 40தான். இந்த வருஷம் எந்தத் திட்டத்தில் பணம் இருக்கிறது என்பதை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்து, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கடனைப் பற்றி யோசியுங்கள்.

மீனைவிட முக்கியமான ஒரு பேச்சு

தங்கச்சி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் ஈய வேலை. வேலைத் துணியில், தலைமுடியில், செருப்பில் ஈயத் தூசு வீட்டுக்கு வரும். அவர் வந்ததும் சின்னவள் தவழ்ந்துபோய் ஒட்டிக்கொள்வாள், நமக்கும் பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் குளித்து உடை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் வேலை இடத்திலேயே மாற்றிக்கொண்டு வரட்டும். அந்தத் துணியை உதறாதீர்கள். தனி வாளியில், மற்றத் துணியோடு சேர்க்காமல், மீன் தொட்டிக்கும் கிணற்றுக்கும் தள்ளி வைத்துத் துவையுங்கள். வீட்டைப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது.

வயிற்றில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தால் ஈயம் அதிகமாக ஏறும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, மோர், முட்டை இவற்றைக் குழந்தைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் தவறாமல் கொடுங்கள், உங்களுக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் இரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று ஒரு தடவை சோதிக்க முடியுமா என்று அரசு மருத்துவமனை டாக்டரிடம் கேளுங்கள். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாகக் குழம்பு

அயிரையைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுக் குழம்பு சொல்லாமல் விட்டால் மதுரைக்காரர்கள் சும்மா விடுவார்களா?

சேறில்லாத தொட்டி மீனை முதல் நாள் தீனி போடாமல் சுத்தத் தண்ணீரில் விட்டுவையுங்கள், வயிறு காலியாகிவிடும். கடையில் வாங்கிய மீனானால் உயிரோடு வாங்கி, கொஞ்சம் பால் அல்லது இரண்டாம் தேங்காய்ப்பால் கலந்த தண்ணீரில் அரை மணி விட்டால் கக்கிவிடும். பிறகு கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசி, வழுவழுப்பு போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். கண்ணுக்குக் கீழே ஒரு பொடி முள் இருக்கும், கையில் குத்தும், பார்த்து.

கால் கிலோ அயிரைக்கு எலுமிச்சை அளவு புளி, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், தக்காளி இரண்டு, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் மூன்று தேக்கரண்டி, மஞ்சள் சிட்டிகை, தேங்காய் இரண்டு கீற்று. நல்லெண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, தூள்களைப் போட்டுப் புளிக்கரைசலை ஊற்றுங்கள். பச்சை வாடை போய் எண்ணெய் மிதக்கும்போது அரைத்த தேங்காய் விட்டு ஒரு கொதி. அப்புறம்தான் மீன். ஐந்தாறு நிமிஷம் போதும். கரண்டி போடக் கூடாது, சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள். இறக்கி மூடி வைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் தனி ருசி.

ஒன்பது மாதக் குழந்தைக்கு இந்தக் காரமும் முள்ளும் இப்போது வேண்டாம். பெரியவனுக்கு முள் மசியும்படி நன்றாகப் பிசைந்து கொடுங்கள்.

ஆக, சகோதரி, மாமியாரிடம் போய்ச் சொல்லுங்கள், அயிரைக்குச் சேறு வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டும். அது கிடைக்கிறதா என்று பாட்டிலோடு கிளம்புவதுதான் உங்கள் முதல் வேலை. சோதனை முடிவு வந்ததும் நம் பக்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். தண்ணீர் தேறாவிட்டால் மனம் தளராதீர்கள், தண்ணீர் அதிகம் கேட்காத வேறு வேலைகள் இருக்கின்றன, பேசிக்கொள்ளலாம். திருவள்ளூர்ப் பக்கத்தில் தொட்டியில் மீன் வளர்த்துப் பார்த்த சகோதரிகள் யாராவது இருந்தால் லாபமோ நஷ்டமோ உள்ளபடி எழுதி அனுப்புங்கள், அடுத்தடுத்த இதழ்களில் எல்லாரும் படிக்கட்டும்.